இடக்கால்

இடக்கையால் எழுதுகோலைப் பற்றியதற்காக இளமையில் தந்தையாரிடம் அடி வாங்கியவர் நாம். எழுதுவதும் உண்பதும் நாளடைவில் வலக்கைக்கு மாறின. பந்தை உதைக்கும் காலை மட்டும் எவரும் மாற்ற முற்படவில்லை. அதனாலோ என்னவோ, குரோஷிய நாட்டுக் கால்பந்தாட்ட வீரர் தாவோர் ஷூக்கரைத் தொலைக்காட்சியில் கண்டபோது உறவினரைக் கண்டாற்போன்ற உவகை எழுந்தது. அவருடைய பெருஞ்செல்வம் இடக்கால்.

1968 ஜனவரி முதல் நாள் ஓசியெக் நகரிற் பிறந்தார். அவ்வூர் அணிக்காக ஆடி, 1988-89இல் 18 கோல்களுடன் யுகோஸ்லாவிய லீக்கில் முதலிடம் பெற்றார். 1991இல் போர் மூண்டு ஓசியெக் குண்டுமழைக்கு ஆளாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் ஸ்பெயினின் செவிய்யா அணிக்குச் சென்றார். பின்னர் ரியல் மாட்ரிட். புதிதாய்ப் பிறந்த தாய்நாட்டுக்காக 69 ஆட்டங்களில் 45 கோல்கள் அடித்தார்.

1996 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கின் கோல் காவலர் ஷ்மைக்கேல் மலையென எதிர்நின்றார். ஷூக்கரோ பந்தை ஓங்கி அடிக்கவில்லை. அடியில் மெல்லத் தொட்டு அவர் தலைக்குமேல் மிதக்கவிட்டார். வலிமையை மென்மை வென்ற காட்சி அது.

1998 உலகக் கோப்பையில் ருமேனியாவுக்கு எதிரான பெனால்டியை அவர் கோலாக்கியதும், மீண்டும் உதைக்குமாறு நடுவர் பணித்தார். மீண்டும் கோல்! படபடத்தது நம் நெஞ்சுதான்.

ஜூலை 8, பிரான்சுடன் அரையிறுதி. நம் ஊரில் நள்ளிரவு கடந்திருந்தது. இடைவேளை முடிந்த மறுகணமே, அசானோவிச் அனுப்பிய பந்தை ஷூக்கர் இடக்காலால் வலைக்குள் செலுத்தினார். நாம் எழுப்பிய கூச்சலில் தந்தையார் விழித்து வந்துவிட்டார். அவருக்கு விளக்கம் சொல்லத் திரும்பிய அந்த ஒரு நிமிடத்திற்குள் துராம் சமன் செய்துவிட்டார்! பின்னர் வெற்றிக் கோலும் அவருடையதே. பிரான்சுக்காக 142 ஆட்டங்கள் ஆடிய துராம் அடித்தவை இரண்டே கோல்கள், இரண்டும் அவ்விரவில்தான். விதியை நொந்துகொண்டு அமர்ந்திருந்தோம்.

"அந்தப் பையன் எந்தக் காலால் அடித்தான்?" என்றார் தந்தையார்.

"இடக்காலால்."

அவர் நம் கையைச் சற்றுநேரம் நோக்கினார். பிறகு உறங்கச் சென்றார்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தன்று அழையாமலே வந்து அருகில் அமர்ந்தார். நெதர்லாந்தை 2-1 என வீழ்த்திய வெற்றிக் கோல் ஷூக்கருடையது. அத்தொடரில் அவருக்கு அது ஆறாவது; அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் அவருக்கே கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஆர்சனலுக்குச் சென்றார். 2000 மே மாதம், கோப்பன்ஹேகனில் யூஃபா கோப்பை இறுதியாட்டம் பெனால்டிகள்வரை நீண்டது. அவர் உதைத்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. கோப்பை கலாட்டசராய்க்குப் போயிற்று. செய்தியை நாளிதழில் நமக்கு முன்னரே படித்துவிட்டிருந்த தந்தையார், அந்தப் பக்கத்தை உட்புறமாக மடித்து மேசைமேல் வைத்திருந்தார்.