பாசியும் பசலையும்

குறுந்தொகையின் 399ஆம் பாடலை நாம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். பரணர் பாடியது. ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி, கை பட்ட இடத்தில் விலகும். கையை எடுத்தால் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும். தலைவன் தொடும்போது நீங்கி, பிரியும்போது பரவும் பசலைக்கு அதுவே உவமை. பசுமை, பாசி, பசலை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம், மாணவர் குறிப்பெடுத்துக்கொள்வர், மணி அடிக்கும். அந்தப் பாசி எப்படிப்பட்ட உயிர், அது ஏன் அத்துறையில் வந்து தங்கியது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நமக்கும் தோன்றியதில்லை. 2018இல் நமது ஊர் ஏரியில் நாமே ஒரு பிழை செய்த பிறகுதான் அந்தக் கேள்வி நம்மைத் தேடி வந்தது.

அப்போது நாம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பில் இருந்தோம். ஏரி முழுவதும் ஆகாயத் தாமரை மண்டிக் கிடந்தது. அவ்வாண்டு ஏழு நாள் முகாமை ஏரிக்கரையிலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் நன்கொடை தந்தார்கள். ஒரு பொக்லைனும் வாடகைக்கு வந்தது. மாணவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி இழுத்தார்கள். ஏழாம் நாள் மாலை, நினைவு தெரிந்த நாள் முதல் காணாத வெறும் நீர்ப்பரப்பு கண்முன் விரிந்து கிடந்தது. நாளிதழில் படம் வந்தது. நிறைவு விழாவில் நாம் ஒரு மரபுக் கவிதையும் வாசித்தோம். அதை இங்கே தரப்போவதில்லை, நண்பர்கள் அஞ்ச வேண்டாம்.

முகாமுக்கு முதல் வாரம் தாவரவியல் துறையின் மூத்த பேராசிரியை நம்மைத் தாழ்வாரத்தில் நிறுத்தி ஒன்று சொன்னார். "ஐயா, ஆகாயத் தாமரைய எடுக்கிறதுக்கு முன்னாடி அடியில இருக்கிற தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாந்து குடுங்க. யாரெல்லாம் குடியிருக்காங்கன்னு பார்த்துடலாம்." ஆகட்டும் மேடம் என்றோம். கொடுக்கவில்லை. அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருந்த அவசரம்.

இரண்டு மாதத்தில் ஏரி பச்சையாயிற்று. இலைப் பச்சை அல்ல. பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியதுபோன்ற பச்சை. காற்றில்லாத காலைகளில் மேலே ஓர் ஏடு படிந்திருக்கும். கையால் விலக்கினால் விலகி, எடுத்தால் மூடிக்கொண்டது. பரணரை நினைத்து அதை இரசிக்கவும் செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊரிலும் சிலர் ஏரி செழிப்பாக இருப்பதாகவே பேசிக்கொண்டார்கள். பச்சை என்றால் வளம் என்பது நம் மொழிக்குள்ளேயே ஊறிய நம்பிக்கை. பசலையும் அதே நிறம்தான் என்பது பாடநூலோடு நின்றுவிடுகிறது.

மே மாதத்தில் ஒரு விடியற்காலை, கெண்டையும் ஜிலேபியும் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மீன் குத்தகை எடுத்திருந்தவர் கந்துவட்டிக்குப் பணம் வாங்கிக் குஞ்சு விட்டிருந்தார். முகாமில் ஏதோ மருந்து அடித்துவிட்டோம் என்று அவர் கல்லூரி வாசலில் வந்து நின்றார். தகவல் சொல்லி அழைத்த ஓர் அலுவலர், பகல் 11 மணிக்குக் கருவியோடு வந்து நீரில் கரைந்துள்ள உயிர்வளியை அளந்தார். அது தேவைக்கு மேலேயே இருந்தது. நீரில் குறையில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டுப் போய்விட்டார். குறையில்லாத நீரில் மீன்கள் அழுகிக்கொண்டிருந்தன.

அன்று பிற்பகல்தான் அந்த ஒரு பாட்டில் நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேராசிரியை பழைய கணக்கு எதையும் கிளறவில்லை. லூகால் அயோடின் கரைசலைச் சில சொட்டு விட்டார்; நுண்ணுயிர்கள் இருந்தபடியே நிலைத்துக் கனத்து அடியில் படிய வேண்டுமாம். மறுநாள் காலை அந்தப் படிவிலிருந்து எடுத்து, செட்விக் ராஃப்டர் என்னும் கண்ணாடித் தொட்டியில் விட்டார். 50 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழம். சரியாக ஒரு மில்லிலிட்டர் கொள்ளும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் நமக்கு முதலில் தெரிந்தது நம் இமைமயிர்தான். சற்றுப் பழகிய பின், கசகசாவை இறைத்து வைத்ததுபோன்ற திரள்கள் தெரிந்தன. மைக்ரோசிஸ்டிஸ், நீலப்பச்சைப் பாசி வகை என்றார். அதன் அணுக்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அவற்றால்தான் அது நீர்மட்டத்துக்கு எழுந்து வெயிலைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு யூக்ளினா; கரிமக் கழிவு மிகுந்த நீரில் மகிழ்ந்து வாழ்வது. ஆசிலடோரியாவின் இழைகள் சில. சிலிக்கா ஓடு போர்த்திய டயாட்டங்கள் ஒன்றிரண்டு. பெரும்பாலும் தெளிந்த, சத்துக் குறைந்த நீரை விரும்பும் டெஸ்மிடுகள், இரு பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல அமைந்த அழகிகள், ஒன்றுகூட இல்லை. "இதுதான் ஐயா உங்க ஏரி. நீங்க படிங்க" என்று விலகி நின்றார்.

அவர் படித்துக் காட்டியது இது. ஊரின் சாக்கடை இரண்டு கால்வாய்கள் வழியே பல காலமாக ஏரிக்குள் வந்துகொண்டிருக்கிறது. அதோடு வரும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் ஆகாயத் தாமரை உறிஞ்சிக்கொண்டு, வெயிலையும் மறைத்துக்கொண்டிருந்தது. நாம் போர்வையை உருவினோம்; கால்வாய்களைத் தொடவில்லை. உருவிய செடியையும் கரையிலேயே குவித்து அழுகவிட்டோம். சத்தும் வெயிலும் ஒருசேரக் கிடைத்தவுடன் பாசி பெருகியது. பகலில் அது ஒளிச்சேர்க்கை செய்து நீரை உயிர்வளியால் நிரப்பும். இரவு முழுவதும் அதுவும் மூச்சு விடும், மடிந்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் மூச்சு விடும். விடிவதற்குச் சற்று முன் நீரில் ஒன்றும் மிஞ்சாது. மீன் செத்தது அந்த நேரத்தில். அலுவலர் அளந்தது பகல் 11 மணியில். அவருடைய எண் பொய்யல்ல. கரைந்த பாஸ்பேட்டை அளந்திருந்தாலும் குறைவாகத்தான் காட்டியிருக்கக்கூடும். அது நீரில் இல்லை, பாசியின் உடலுக்குள் போய்விட்டது.

ஆகாயத் தாமரையை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அதுவும் ஏரியை மூச்சுத் திணறடிப்பதுதான். எதை முதலில் செய்வது என்பதே கேள்வி.

வேதியியல் அளவு ஒரு கணத்தின் நிழற்படம். ஆனால் பாசிக் கூட்டம் நீரிலேயே வாழ்ந்து, சில நாள்களில் ஒரு தலைமுறை கடந்து, கடந்த வாரங்களில் ஏரிக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தன் ஆள்தொகையிலேயே எழுதி வைத்திருக்கிறது. யார் பெருகினார், யார் காணாமற்போனார் என்பதுதான் அந்த எழுத்து. பாடநூல்கள் தாவர மிதவை உயிரிகள் என்று சொல்லும் இவற்றுக்கு உலகம் வழங்கும் பெயர் பிளாங்டன். 1887இல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானியர் இட்டது. அலைந்து திரிவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். ஹோமரின் ஒடிசி தன் தலைவனின் அலைச்சலைத் தொடக்கத்தில் சொல்லும் வினைச்சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் மொழியில் 'அலைவி' என்று ஆக்கலாமோ என்று பேராசிரியையிடம் கேட்டோம். முதலில் எண்ணிப் பழகுங்கள், பிறகு பெயர் வைக்கலாம் என்றார்.

நீர்வாழ் நுண்ணுயிர்களைக் கொண்டு நீரின் மாசை மதிப்பிடும் வழியை கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் ஜெர்மனியில் 1908இலேயே வகுத்துவிட்டார்கள். 1969இல் பால்மர் என்ற அமெரிக்கர், 165 ஆசிரியர்களின் குறிப்புகளைத் திரட்டி, மாசைத் தாங்கும் பாசிப் பேரினங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டார். நம் தொகைநூல் தொகுத்தவர்களுக்கு இருந்த பொறுமை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஒரு மாதிரியில் கூட்டுத்தொகை 20ஐ எட்டினால் கடுமையான கரிம மாசு என்பது கணக்கு. நமது ஏரி அதைத் தாண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் இயற்றிய நீர்ச் சட்டகம், ஏரியின் நலத்தை மதிப்பிடும்போது இந்த மிதவைப் பாசிகளின் இனச்சேர்க்கையையும் அளவையும் பெருக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, பேராசிரியை அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை இறக்கினார். நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி டி. வி. தேசிகாச்சாரி எழுதி 1959இல் வெளிவந்தது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பி. அய்யங்காரும் சென்னைக்காரரே. தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்த நமக்கு இவ்விரு பெயர்களும் நாற்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தன என்பது வெட்கம்தான்.

ஒரு பாசியின் பெயர் தெரிவதால் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் அப்போதும் மனத்தின் மூலையில் இருந்தது. அதைக் கண்டுகொண்டவர்போல அவர் எட்மண்ட்சனின் புத்தகம் ஒன்றைப் படிக்கத் தந்தார். வாஷிங்டன் ஏரியைப் பற்றி 1991இல் வெளிவந்தது. அந்தக் கதை சுவிட்சர்லாந்தின் மூர்ட்டன் ஏரியிலிருந்து தொடங்குவதற்கு உரியது. 1476இல் அதன் கரையில் நடந்த போரில் பர்கண்டிப் படை அழிந்தது. பிற்காலத்தில் ஏரி சிவந்தபோதெல்லாம், மாண்ட வீரர்களின் குருதி மேலெழுவதாகச் சொல்லி, பர்கண்டிக் குருதி என்றே மக்கள் பெயரிட்டார்கள். 1825இல் தாவரவியலாளர் தெ கந்தோல் அந்தக் குருதி ஒரு பாசி என்று கண்டு, ஆசிலடோரியா ரூபசென்ஸ் என்று பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கழிவு சேர்ந்துகொண்டிருந்த சூரிச் ஏரியிலும் அதே பாசி தலைகாட்டியது. ஏரி கெடுவதன் அடையாளமாக அது நூல்களில் ஏறிவிட்டது. 1955இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் எடுத்த மாதிரியில் அதே உயிர் தெரிந்தபோது, எட்மண்ட்சன் அதைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டார். ஏரி அப்போது பெருங்கேடு அடைந்துவிடவில்லை. அடையப்போகிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. 1958இல் மக்கள் வாக்களித்துக் கழிவைத் திருப்ப ஒப்புக்கொண்டார்கள்; 1963இல் தொடங்கிய வேலை 1968இல் முடிந்தது. தொடங்கியபோது கோடையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குமேல் கண்ணுக்குத் தெரியாத நீர், ஓராண்டு ஈராண்டில் அல்ல, 1970களின் பிற்பகுதியில் ஆறு மீட்டருக்கும் மேல் தெளிந்தது. அதற்குள் பாசியை மேயும் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியும் பெருகி உதவிக்கு வந்திருந்தது. குருதி என்று அஞ்சியவர்களும் அதே பாசியைத்தான் பார்த்தார்கள். பெயர் தெரிந்தவருக்கு அதுவே முன்னறிவிப்பாயிற்று.

மதிப்பெண் முறையில் நமக்கு ஓர் ஐயமும் உண்டு. பால்மர் பட்டியலில் யூக்ளினாவுக்கு 5. நமது ஏரியை மூடிய மைக்ரோசிஸ்டிசுக்கு, அவர் பட்டியலில் அது அனாசிஸ்டிஸ், வெறும் 1. அவர் அளக்க விரும்பியது கரிமக் கழிவை, நஞ்சை அல்ல. அலுவலகங்களுக்கு ஒற்றை எண் பிடிக்கும். கோப்பில் எளிதாக உட்காரும். ஆனால் கூட்டுத்தொகையை விடப் பெயர்ப் பட்டியலே அதிகம் சொல்கிறது என்பது ஏழாண்டு எண்ணிய பின் நாம் கொண்ட கருத்து. மைக்ரோசிஸ்டிசின் பல வகைகள் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டினைச் சுரக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியிலிருந்து குடிநீர் பெறும் டொலிடோ நகரில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரைக் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று தடுத்தது இதுவே.

குத்தகைதாரரைத் தேடிப் போய் இதையெல்லாம் விளக்கினோம். மீன் செத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பொறுமையாகக் கேட்டார். "முகாமுக்கு முன்னாடியே அந்தத் தண்ணியப் பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா சார்?" என்றார். தாமரைக்கு அடியிலும் யூக்ளினாவும் ஆசிலடோரியாவும் இருந்திருக்கும்; கால்வாயை முதலில் திருப்புங்கள் என்று அவை சொல்லியிருக்கும். தெரிந்திருக்கும் என்றோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த ஏலத்துக்கு அவர் வரவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை விடியலில் மூன்று இடங்களில் நீர் எடுக்கிறோம். தமிழ் மாணவர்களும் வருகிறார்கள். பாசிப் பெயர்களின் பட்டியலை இணைத்துக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்தோம், பலமுறை கொடுத்தோம். 2022இல் ஒரு கால்வாய் திருப்பப்பட்டது. மற்றொன்று இன்னும் வருகிறது. மார்கழி, தை மாதங்களில் டயாட்டங்கள் சற்றுக் கூடுகின்றன. கோடையில் கசகசா திரும்பிவிடுகிறது. டெஸ்மிட் இதுவரை ஒன்றே ஒன்று தென்பட்டது, அதுவும் மதகுப் பக்கத்தில்.

சென்ற மாதம் நீர் எடுக்கும்போது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் ஏடு படிந்த பக்கம் ஆடுகளைக் குடிக்க விடாதீர்கள் என்று சொன்னோம். காற்று எந்தப் பக்கம் ஒதுக்குகிறதோ அந்தக் கரைக்குத் தாம் ஓட்டுவதேயில்லை என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டோம்.

"நீங்க தாமரைய எடுத்தீங்களே, அந்த வருசம் ரெண்டு குட்டி போச்சு. அதுலேர்ந்து."

மாணவர் ஒருவர் அதையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.