பைய ஆட்டு

செல்லூரில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய இரவு வெகுநேரமாகும். வைகைப் பாலத்தைத் தாண்டிப் போனால் நடுராத்திரியிலும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். அப்படிப்பட்ட தூங்கா நகரத்தில், ஒன்றரை வயதுத் தம்பியை அப்பத்தா தினமும் ஒரே நேரத்துக்குத் தூங்க வைத்தாள்.

அந்த வேலை பகலிலேயே தொடங்கிவிடும். மத்தியானம் அவன் தூங்கலாம். நாலு மணிக்கு மேல் கண்ணை மூட விடமாட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பாள். பொழுதெல்லாம் விழித்திருந்து சேர்கிற தூக்கம் சாயங்காலக் குட்டித் தூக்கத்தில் கரைந்துபோனால், ராத்திரி பத்து மணிக்கும் பிள்ளை துள்ளிக்கொண்டிருக்கும். அவள் சொன்ன காரணம் வேறாக இருக்கலாம். செய்தது மிகச் சரி.

வெந்நீரில் உடம்புக்கு ஊற்றுவாள். பருப்புச் சோற்றில் நெய் விட்டுக் குழைத்து, திண்ணையில் நிலா காட்டி ஊட்டுவாள். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதும் கூடத்து டியூப்லைட் அணைந்துவிடும், ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் எரியும். இருட்டு கூடினால்தான் மூளை மெலடோனின் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் என்று பின்னாளில் படித்தேன். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும், ஒரு வயதுப் பிள்ளைக்குச் செல்போனும் டிவியும் காட்டவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். படுக்கையில் பிள்ளை கையில் செல்போனைக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கையில் எனக்கு மனசு பதைக்கிறது.

உத்திரத்துக் கொக்கியில் அவளுடைய பழைய சுங்குடிச் சேலைதான் தூளி. ஆட்டுவது என் வேலை. "ஏத்தா, பைய ஆட்டு. கண்ணு சொருகிருச்சுன்னா விட்ரு" என்பாள். அவள் தாலாட்டில் மாமன்மார் சீர் கொண்டு வந்தபடியே இருப்பார்கள். அதற்கும் அவன் அசையாவிட்டால், "சொக்கரு பல்லக்குல ஏறிப் பள்ளியறைக்குப் போயிட்டாரு ராசா, மீனாட்சியும் தூங்கப் போறா" என்பாள். கோயிலில் தினமும் நடப்பதுதானே, அவனும் நம்புவான்.

இரண்டு வயது நெருங்குகையில் தூளிக்குள் எழுந்து நிற்கப் பார்த்தான். சேலை முறுக்கிக் கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. அன்றே அவிழ்த்தாள். ஆட்டிப் பழகிய பிள்ளை சும்மா தூங்குமா? தூளி தொங்கிய இடத்திலேயே பாயை விரித்து, அதன்மேல் அதே சேலையை இழுத்துக் கட்டிப் போட்டாள். குளியல், சோறு, பாட்டு எதுவும் மாறவில்லை. முதலில் முதுகில் தட்டிக்கொடுத்தாள். பிறகு கையை வைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அதற்கப்புறம் கையை எடுத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். கடைசியில் நிலைப்படி வரை நகர்ந்துவிட்டாள். அவன் அழுதால் ஓடிவந்து தூக்கவும் மாட்டாள், அழட்டும் என்று விடவும் மாட்டாள். "இங்கனதான்டா இருக்கேன்" என்ற குரல் மட்டும் வரும்.

அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியபோது எல்லாம் குலைந்தது. ராத்திரி முழுக்க தெருவே விழித்திருந்தது, அவனும் அப்பா தோளில் விழித்திருந்தான். மறுநாள் தூங்கட்டும் என்றாள் அம்மா. அப்பத்தா கேட்கவில்லை. மத்தியானம் கொஞ்சம் கூடுதலாகப் படுக்க விட்டாள், அவ்வளவுதான். அதற்கடுத்த காலை வழக்கமான நேரத்துக்கே எழுப்பி முகம் கழுவிவிட்டாள். அன்று ராத்திரி சோறு உண்டதும், பாயை விரிக்கச் சொல்லி அவனே அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.