ஈச்சனாரியில் வைத்த சாவி

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் ஈச்சனாரி விநாயகர் எழுந்தருளியிருப்பதற்கு ஒரு வண்டியே காரணம். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் பிரதிஷ்டை செய்வதற்காக மதுரையிலிருந்து கொண்டுவரப்பட்ட விக்கிரகம் அது. வழியில் வண்டியின் அச்சு முறிந்தது. எத்தனை முயன்றும் பிள்ளையார் அவ்விடத்தை விட்டு நகரவில்லை என்பது தல வரலாறு. முப்புரம் எரிக்கப் புறப்பட்ட ஈசனின் தேரச்சே அச்சிறுபாக்கத்தில் இற்றுப் போனதை அன்பர்கள் அறிவார்கள். தந்தையின் தேருக்கே விலக்கு அளிக்காதவர் மற்றவர் வண்டிக்கு அளிப்பாரா? கோவைக் குடும்பங்கள் புது வண்டியை முதலில் ஈச்சனாரிக்குத்தான் ஓட்டி வருகின்றன. எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் நசுங்கிய பிறகே அது வீட்டு வாசலுக்குப் போகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சுந்தராபுரத்திலிருந்து ஒரு மூதாட்டியும் அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் அங்கே வந்தார்கள். பூசைக்கு அவர்கள் கொண்டுவந்தது ஒரு சாவி மட்டுமே. வண்டி எங்கே என்று அர்ச்சகர் கேட்டார். அது பந்தய வண்டி. முகப்பு விளக்கும் கண்ணாடியும் எண் பலகையும் கழற்றப்பட்டது. சாலையில் ஓட்டக் கூடாதது. சரக்கு ஆட்டோவில் ஏற்றி முன்னமே செட்டிபாளையத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அர்ச்சகர் சாவியைப் பிள்ளையாரின் திருவடியில் வைத்து எடுத்து, ஒரு மஞ்சள் கயிற்றையும் கொடுத்தார்.

பேரனுக்கு 24 வயது. கணபதியில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் வேலை. அன்று தொடங்கி மூன்று நாள் அவன் முதன்முறையாகத் தேசிய அளவிலான பைக் பந்தயத்தில், புதியவர் பிரிவில், கலந்துகொள்ளவிருந்தான்.

செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். கோவையைச் சேர்ந்த கரிவரதன் பெயரைத் தாங்கிய களம் அது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, இளைஞர்களுக்குக் குறைந்த செலவில் வழி திறந்துவிட்டவர் அவர். 1995-இல் சிறு விமானம் ஒன்று விழுந்து உயிர் நீத்தார். நம் நாட்டிலிருந்து முதன்முதலாக, 2005-இல், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயன் தம் முதல் போட்டியை ஓட்டியது அத்தகைய மாருதிக் காரில்தான்.

மூதாட்டிக்கு இந்தப் பெருமைகள் எவையும் ஆறுதல் தரவில்லை. அவருடைய ஒரே மகன், அதாவது இவனுடைய தாய்மாமன், பொள்ளாச்சிச் சாலையில் இருசக்கர வண்டியில் சென்றபோதுதான் போனான். பேரனுக்கு வண்டிப் பித்து பிடித்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்தது. போதாக்குறைக்கு 2023 ஆகஸ்டில், சென்னைக்கு அருகே நடந்த தேசியப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்த செய்தி வந்தது. அன்று காலை தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற பிள்ளை. மூதாட்டி செய்தித்தாளை மடித்துப் பேரனின் தட்டருகே வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவனும் இரண்டு நாள் பந்தயப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவனே வந்து உட்கார்ந்தான். "நெசந்தானுங் அம்மிச்சி, அங்கயும் உளுகுவாங்க. ஆனா எதுக்கால யாரும் வர மாட்டாங்க. பஸ்ஸு, லாரி, நாயி ஒண்ணும் கெடையாது. உளுந்தா எடுக்க ஆளு நிக்கும், ஆம்புலன்ஸ் நிக்கும். ரோட்டுல நான் வேகமாப் போனதப் பாத்திருக்கீங்ளா?"

பார்த்ததில்லை என்பது உண்மை.

மறுவாரம் மூதாட்டி வங்கிக்குச் சென்று வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்தார். வட்டி குறையும் என்று ஊழியர் இருமுறை எடுத்துச் சொன்னார். (சொல்வது அவர் கடமை. ஆனால் எந்த வட்டியை எதற்காக இழப்பது என்பதை வாடிக்கையாளரே அறிவார்.) பணத்தைப் பேரனிடம் கொடுத்தபோது அவர் சொன்னது இவ்வளவே: "இரவல் உடுப்புல போவாத கண்ணு. போகத்தான் போறீன்னா, தோல் உடுப்பு நல்லதா எடுத்துக்க சாமி."

வெள்ளி மாலை வாகனச் சோதனை. எஞ்சினிலிருந்து எண்ணெய் இறக்கும் திருகு கழன்று ஓடுபாதையில் எண்ணெய் சிந்தாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறதா, தலைக்கவசம் தகுதியானதா, கையுறையும் காலணியும் முதுகுக் காப்பும் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைச் சோதனையாளர் தொட்டுப் பார்த்தார். தொங்கும் பொருள் எதுவும் கூடாது என்பது விதி. அவரே நெற்றியில் திருநீறு இட்டவர். சற்றுத் தயங்கித்தான் சொன்னார். பேரன் முடிச்சை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்து, இரவு வீட்டில் கொடுத்தான்.

சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் அவனுக்குப் பதினேழாவது இடம். பயிற்சிப் பள்ளியில் முதல் மூவரில் ஒருவனாக இருந்தவன். புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்த பையன்கள், அவன் பிரேக்கைத் தொடும் இடத்தைத் தாண்டியும் முழு வேகத்தில் போனார்கள். பாதிப் பேருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறன்று மூதாட்டி களத்துக்கே வந்துவிட்டார். தலைக்கவசங்களுக்குள் பேரன் எவன் என்று தெரியவில்லை; வண்டி எண்ணைச் சொல்லித் தந்தார்கள். டயர் சூடேற ஒரு சுற்று வந்து எல்லாரும் வரிசையில் நின்றார்கள். விளக்கு அணைந்ததும் எழுந்த ஓசையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வளைவில் இருவர் விழுந்து, மஞ்சள் கொடி அசைந்தது. அவர்களுக்கு நேர் பின்னால் இருந்தவன் பேரன். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும் என்பது பயிற்சியில் முதல் பாடம். விழுந்தவர்களைப் பாராமல் வளைவின் முடிவைப் பார்த்ததால் தப்பினேன் என்று பிறகு சொன்னான். அந்தக் கணத்தில் கண் திருப்புவது எளிதன்று. விழுந்தவர்கள் எழுந்து நடந்த பிறகே மூதாட்டிக்கு மூச்சு வந்தது.

கட்டம் போட்ட கொடி விழுந்தபோது அவன் பதினான்காவதாக வந்தான். கோப்பையில்லை, பரிசுத் தொகையில்லை. தலைக்கவசத்தைக் கழற்றியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மூதாட்டி தம் இடக்கையைத் திறந்தார். காலையிலிருந்து இறுக்கிப் பிடித்த மஞ்சள் கயிறு வியர்வையில் நனைந்து, உள்ளங்கை முழுதும் மஞ்சளாகியிருந்தது.

"எத்தனாவது கண்ணு?"

"பதினாலுங் அம்மிச்சி."

"முழுசா வந்துட்டியே சாமி."

பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்திருந்தார். பந்தய வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, பேரன் தன் பழைய ஸ்கூட்டரின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டினான். அம்மிச்சியைப் பின்னால் உட்காரவைத்து, அவருக்கும் தலைக்கவசம் மாட்டி, ஈச்சனாரியை நோக்கிப் புறப்பட்டான். வழியெல்லாம் வேகமுள் முப்பதைத் தாண்டவில்லை. பாதி தூரத்தில் பின்னாலிருந்து தோளைத் தட்டினார்.

"இப்படிப் போனா சாயரட்சைத் தீவாராதனை முடிஞ்சு போயிருங் கண்ணு. கொஞ்சம் வெரசாத்தான் போயேன்."