கணக்கில் வராத துப்பாக்கிகள்

உளுந்தூர்பேட்டை என்றால் பல பேருக்கு டோல்கேட் ஞாபகம் வரும். சில பேருக்குப் பக்கத்தில் இருக்கிற கூவாகம் திருவிழா ஞாபகம் வரும். இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-வது பட்டாலியன் இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி பிடித்த காவலர்களைப் பார்ப்பது இங்கே யாருக்கும் அதிசயம் இல்லை.

இதே ஊரிலிருந்து சேலம் ரோட்டில் மேற்கே போனால் கள்ளக்குறிச்சி. அதையும் தாண்டினால் கல்வராயன் மலை. அங்கேயும் துப்பாக்கி உண்டு. ஆனால் அது வேறு ரகம். நாட்டுத் துப்பாக்கி! "உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், ஒருவர் கைது" என்று கரியாலூர் பக்கத்திலிருந்து பேப்பரில் செய்தி வருவது புதிது இல்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? போலீஸ் துப்பாக்கிக்கு ஒரு நம்பர் உண்டு. யார் எடுத்தார், எப்போது திருப்பிக் கொடுத்தார், எத்தனை தோட்டா வாங்கினார் எல்லாம் பதிவேட்டில் ஏறும். பயிற்சியில் சுட்ட பிறகு காலித் தோட்டாக்களைக் கூடப் பொறுக்கி எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும். காமர்ஸ் படிக்கிறவர்கள் பாஷையில் சொன்னால் பக்காவான ஸ்டாக் ரிஜிஸ்டர்!

மலையில் இருக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு நம்பரும் இல்லை, பதிவேடும் இல்லை. கணக்கில் வராத பணம் மாதிரிதான் அதுவும். ஒளித்துத்தான் வைக்க வேண்டும். ஒளித்து வைக்கிற பொருளை ஒழுங்காக வைக்க முடியுமா? ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்தத் துப்பாக்கியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிவால்வர், ரைபிள் என்றால் திறந்து பார்த்து உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் வாய் வழியாக மருந்து நிரப்புகிற ஒற்றைக்குழல். கருமருந்து, அதன் மேல் துணியோ நாரோ, அதன் மேல் ரவையோ பால்ரஸ் குண்டோ என்று குழலுக்குள் இடித்து நிரப்புகிறார்கள். நிரப்பிவிட்டால் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. காலியாக இருக்கிற துப்பாக்கியும் நிரப்பி வைத்த துப்பாக்கியும் ஒரே மாதிரி இருக்கும்!

இப்போது ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மரவள்ளிக் காட்டுக்குக் காவல். பன்றி வரும் என்று துப்பாக்கியை நிரப்பி வைத்தாயிற்று. பன்றி வரவில்லை. நிரப்பிய மருந்தை எடுப்பது லேசான வேலை இல்லை. சுட்டுக் காலி பண்ணலாம் என்றால் சத்தம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் அப்படியே கொண்டுவந்து பரணில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பையன் அதை எடுத்துத் தம்பியைப் பார்த்து நீட்டினால்..? அவனுக்கு அது தீபாவளிக் கேப் துப்பாக்கி மாதிரிதானே!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கம்பெனியில் செய்கிற துப்பாக்கியை அதிக அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரை போட்ட பிறகுதான் விற்பார்கள். பட்டறையில் செய்த குழலுக்கு எந்தச் சோதனையும் கிடையாது. மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் குழல் வெடித்துச் சுட்டவர் கையும் கண்ணும் போகலாம். இருட்டில் செடி அசைவதைப் பார்த்துப் பன்றி என்று சுட்டு, கடைசியில் அங்கே விழுந்து கிடந்தது மனிதர் என்று தெரிந்த கதைகளும் தமிழ்நாட்டு மலையோர மாவட்டங்களில் நிறைய உண்டு.

அடிபட்ட பிறகாவது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களா என்றால் அதற்கும் பயம். போனால் போலீஸ் கேட்கும், துப்பாக்கி எங்கே என்று கேட்கும். யோசிக்கிற அந்த நேரத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆயுதச் சட்டம் 1959-ஐ 2019 டிசம்பரில் திருத்தினார்கள். உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்று ஆனது. கல்யாணம், திருவிழா, ஊர்வலத்தில் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. அலட்சியத்தால் உயிர் போனால் முன்பு இ.பி.கோ. 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரைதான் தண்டனை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது 5 ஆண்டு வரை.

இதே ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழியாக நிரப்புகிற துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கவும் இடம் தருகிறது. பன்றித் தொல்லை நிஜம் என்று சட்டத்துக்கே தெரியும்! 2016-ல் வந்த ஆயுத விதிகள்படி உரிமம் கேட்பவர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். உரிமம் என்பது வெறும் காகிதம் இல்லை. இவர் இதைக் கையாளக் கற்றவர், வீட்டில் பூட்டி வைப்பவர், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பவர் என்பதற்கான கணக்கு. உரிமம் இருந்தாலும் வேட்டை கூடாது, காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, கணக்கில் வந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்தில் பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளம். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிருக்குப் போராடி 2022 ஜனவரி 3-ம் தேதி இறந்துபோனான். அங்கே துப்பாக்கிக்கு நம்பர் இருந்தது. சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர். ஆனாலும் ரைபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அன்றைக்குச் சரியான பதில் இல்லை. ஒரு குழந்தை போய்விட்டது.

பணம், புகழ், வசதி எதுவும் இதில் காப்பாற்றாது. 2021 அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகையில் நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த ரிவால்வர் வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்தார். அதில் நிஜத் தோட்டா இல்லை என்று சொல்லித்தான் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே நிஜத் தோட்டாவே இருந்தது! படப்பிடிப்பின் ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே 2024-ல் அக்டோபர் 1-ம் தேதி மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் சொந்த ரிவால்வர், உரிமம் உள்ள ரிவால்வர், வீட்டிலேயே வெடித்து அவர் காலைத் துளைத்தது.

அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு நான்கு விதிகள் சொல்லிக் கொடுத்தார். உலகம் முழுக்கப் பல பயிற்சி மையங்களில் இன்றைக்கும் அதுதான் பாலபாடம்.

1. எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். "காலிதாம்ப்பா" என்ற வார்த்தைதான் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது.

2. சுடக் கூடாத எதை நோக்கியும் குழல் திரும்பக் கூடாது. விளையாட்டுக்குக் கூடக் கூடாது.

3. குறி பார்த்துச் சுட முடிவு செய்கிற வரைக்கும் விரல் விசையில் இருக்கக் கூடாது.

4. குறி எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். செடி அசைந்தது என்பது நிச்சயம் ஆகாது.

இதோடு ஐந்தாவதாக ஒன்றையும் நம்ம ஊருக்குச் சேர்த்துக்கொள்ளலாம். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி பெரியவர்களிடம்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கிற நண்பர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மற்றவர்கள் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் நின்று பாருங்கள். ஏர்கன்னைக் கையில் வாங்கியதும் பக்கத்தில் நிற்கிற நண்பனை நோக்கித் திருப்பிச் சிரிக்கிறவர்கள் எத்தனை பேர்! ஏர்கன் ரவை ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

மலைப் பகுதிகளில் தாமாக முன்வந்து துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது. அப்போது பலர் ஒப்படைக்கவும் செய்கிறார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி, அப்பா ஞாபகம் என்று தயங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த ஞாபகப் பொருள் நிரப்பி இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் யாருக்காவது உறுதியாகத் தெரியுமா? விளைச்சலைப் பன்றி தின்றுவிட்டால் அடுத்த பட்டத்தில் மறுபடி நடலாம். போன உயிருக்கு அடுத்த பட்டம் கிடையாது.

துப்பாக்கியே பார்க்காத வீடுகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வருகிற தீபாவளிக்குப் பிள்ளைக்குக் கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கும்போது "ஆளைப் பார்த்து நீட்டாதே" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.