கூரை தொடாத சுவர்

இறம்பொடையில் எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ரோட்டுக்கு மேலே இருந்தது. புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற பஸ் வளைவில் மூச்சு வாங்குவது இஸ்தோப்பில் உட்கார்ந்தாலே கேட்கும். அதற்கும் அடியில், ராப்பகலாக, நீர்வீழ்ச்சியின் இரைச்சல். இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரம் என்று பிற்காலத்தில் படித்தேன். அப்போது எங்களுக்கு அது உயரம் பார்க்கிற ஒன்றாக இருக்கவில்லை. காதுக்குள் எப்போதும் இருந்ததால் அதை யாரும் சத்தம் என்றே கணக்கில் எடுக்கவில்லை. எங்களுக்குச் சத்தம் என்றால் மனுசச் சத்தம்தான்.

எங்களுடையது இரட்டை லயம். ரோட்டைப் பார்த்து ஒரு வரிசைக் காம்பரா, மலையைப் பார்த்து இன்னொரு வரிசை, இரண்டுக்கும் முதுகில் ஒரே சுவர். ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது என்பதால் பின்பக்கம் ஜன்னல் கிடையாது. அந்தக் காம்பராவுக்குள் அப்பா, அம்மா, அம்மாயி, அக்கா, நான், தம்பி. இடத்துப் பக்கம் ஒரு குடும்பம், வலத்துப் பக்கம் ஒரு குடும்பம், முதுகுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம்.

இந்தச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. அடுப்புப் புகை பட்டுப் பட்டுச் சுவரின் மேல்விளிம்பு கன்னங்கரேலென்று இருக்கும். பூனை அந்த விளிம்பில் ஏறி, வரிசையின் முனையில் இருக்கிற தொங்க வீட்டிலிருந்து அடுத்த தொங்க வீடு வரைக்கும் நடந்து போகும். பக்கத்துக் காம்பராவில் கருவாடு சுட்டால் எங்கள் வீட்டில் பசிக்கும். தீப்பெட்டி தீர்ந்துபோனால் அம்மா இங்கிருந்து குரல் கொடுப்பாள், சுவருக்கு மேலே தீப்பெட்டி பறந்து வரும். பேச்சும் அதே வழியாகத்தான் வரும், கேட்காமலே வரும்.

விடியற்காலையில் முதலில் இருமல் கேட்கும். தொங்க வீட்டுத் தாத்தாவின் இருமல் தொடங்கினால், வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ரொட்டிக்கு மா பிசைகிற சத்தம், தேங்காய் துருவுகிற சத்தம், தேத்தண்ணிக் கோப்பைகள், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களின் வாளிகள். யாரோ ஒருவர் ரேடியோவைத் திருகுவார். இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் போகும்போது லயம் முழுவதற்கும் அந்த ஒரு பெட்டி போதும். அம்மா படங்கு கட்டிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுப்பாள். அவள் விட்ட அடியைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு மாமி எடுத்துப் பாடுவார். இரண்டு பேரும் அதைப் பற்றி வெளியில் பேசிக்கொண்டதே இல்லை.

முதுகுப் பக்கத்துக் குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுடைய வாசல் மலையைப் பார்த்து இருந்ததால் லயத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் அவர்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கு எந்த ராத்திரியில் காய்ச்சல் வந்தது, அந்த வீட்டு அக்காவுக்கு எப்போது மாப்பிள்ளை பார்த்தார்கள், எவ்வளவு கடன், எல்லாம் எனக்குத் தெரியும். ஒருநாள் கோயிலடியில் அந்த வீட்டுப் பெரியம்மாவைக் கண்டபோது, முகத்தை வைத்து எனக்கு ஆளைத் தெரியவில்லை. வாயைத் திறந்து "என்னப்பா, பள்ளிக்கூடம் போகல்லியா?" என்று கேட்ட பிறகுதான் யாரென்று பிடிபட்டது.

வலத்துப் பக்கத்து மாமாவுக்கு ஸ்டோரில் ராவேலை. கொழுந்து நிறைய வருகிற காலத்தில் தேயிலை ஸ்டோர் ராத்திரியும் ஓடும். ராவெல்லாம் மெஷினடியில் நின்றுவிட்டு, நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில்தான் அவருக்கு ஆழ்ந்த தூக்கம். பந்தை எடுத்தவுடனே அம்மாயியின் குரல் வரும்.

"தம்பிகளா, மாமா தூங்குறாரு. கோயிலடிக்குப் போயி வெளயாடுங்கடா."

மாமா எங்களை ஒருநாளும் ஏசியது கிடையாது. தாங்கமுடியாமல் போனால் சுவரில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். லயத்தில் அந்தத் தட்டுக்கு எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். குழந்தை தூங்குகிறது என்றாலும் அதே தட்டு. காய்ச்சல்காரர் இருக்கிறார் என்றாலும் அதே தட்டு. அதே மாமாதான் மாசி மாதம் வந்துவிட்டால் காமன் கூத்துக்குத் தப்புப் பழகுவார். தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, விரலால் சுண்டிப் பார்த்து, ஒரு அடி அடித்தால் தகரம் அதிரும். அப்போது எங்கள் வீட்டில் தம்பி கைக்குழந்தை. அப்பா போய்ச் சொன்னார். மாமா தப்பைத் தூக்கிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போய்விட்டார். மற்ற வாத்தியக்காரர்களும் அங்கேயே கூடினார்கள். ஒவ்வொரு வீடும் இன்னொரு வீட்டுக்குச் சத்தம் போடுகிற வீடாக இருந்ததால் யாருக்கும் கையை நீட்டிக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

சுவரே இல்லாத மாதிரி இருக்கிற இடத்தில் சனங்கள் காதுக்குச் சுவர் கட்டிக்கொண்டார்கள். ராத்திரி கேட்டதைக் காலையில் கேட்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். புதிதாகக் கல்யாணம் செய்த பிள்ளைகள் இருக்கிற காம்பராவில், ஒரு சேலையைக் குறுக்கே கட்டி அவர்களுக்கு மூலை ஒதுக்குவார்கள். பெரியவர்கள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுப்பார்கள். அந்தக் குளிரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று இறம்பொடைப் பனியில் ஒரு ராத்திரி வெளியே படுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ரகசியம் பேச எங்களுக்கு இருந்த ஒரே நேரம் மழை நேரம். வைகாசி பிறந்து தென்மேல் பருவமழை இறங்கினால், தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. அதற்காகவே அப்பாவும் அம்மாவும் காத்திருப்பார்கள். கடைக்கணக்கு, நகை அடகு, அக்காவின் படிப்பு, இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்கிற பேச்சு எல்லாம் மழையில்தான் நடக்கும். இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, ஆனால் உரக்கப் பேசுவார்கள். மழை சட்டென்று விட்டால் பேச்சும் பாதியில் நிற்கும். வீட்டுக் கஷ்டம் எல்லாம் எனக்கு இன்னும் மழையோடு சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது.

இந்தியாவுக்குப் போகிற பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா தலைமுறையை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தது. எங்கள் இடத்துப் பக்கத்துக் குடும்பத்துக்குப் பயண நாள் வந்தபோது நான் சின்னவன். போவதற்கு முந்தின ராத்திரி அந்தக் காம்பராவில் அழுகை தொடங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா அழுதாள். பிறகு முதுகுப் பக்கத்தில், பிறகு தொங்க வீட்டில். லயம் முழுவதும் விடியும்வரை அழுதது. யாரும் யாரையும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை, சுவரில் ஒரு தட்டும் கேட்கவில்லை. காலையில் லொறியில் ஏறினார்கள். கோச்சி பிடித்துத் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். தகரப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த தமிழ்நாட்டு ஊரின் பெயரை அந்த வீட்டு அண்ணனே எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

சம்பள நாள் ராத்திரி வேறு மாதிரி. அன்றைக்குச் சாராயம் உள்ளே போகும். கடன், சண்டை, பழைய கோபம் எல்லாம் வெளியே வரும். முதுகுப் பக்கத்து வரிசையில் ஒரு மனுசன் குடித்துவிட்டு வந்து பெண்சாதியை அடிப்பார். அடி விழுகிற சத்தம், அதற்குப் பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம், எல்லாம் கூரை வழியாக எங்கள் தலைக்கு மேல் வரும். ஆம்பிளைகள் "குடும்ப விசயம்" என்று புரண்டு படுப்பார்கள். காதுக்குச் சுவர் கட்டுகிற நல்ல பழக்கம் இந்த இடத்தில் கெட்ட பழக்கமாகிவிட்டது.

ஒரு ராத்திரி அம்மாயியால் தாங்க முடியவில்லை. எழும்பினாள். இருட்டில் துழாவி உலக்கையை எடுத்தாள். பின்சுவரில் ஓங்கி இடித்தாள். சுண்ணாம்பு பொரிந்து எங்கள் கம்பளியில் விழுந்தது. இடித்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் இடத்துப் பக்கத்தில் யாரோ ஒரு சட்டியைத் தட்டினார்கள். பிறகு அடுத்த காம்பரா. பிறகு மாமா தப்பை எடுத்தார். லயம் முழுவதும் அதிர்ந்தது. அடி நின்றது. அடுத்த சம்பள நாளும் அம்மாயி உலக்கையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். என் வாழ்க்கையில் ஒரு அயல்வீடு செய்யக்கூடிய ஆகப் பெரிய நல்ல காரியத்தை நான் கண்டது அந்த ராத்திரிதான்.

அக்கா க.பொ.த. சாதாரண தரம் எழுதிய வருசம் எங்களுக்கு இந்தச் சத்தம் வேறொரு முகத்தைக் காட்டியது. டிசம்பரில் பரீட்சை. குப்பி விளக்கை வைத்துக்கொண்டு அவள் மூலையில் உட்காருவாள். ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் குழந்தை அழுகை, பின்னால் பேச்சு. அம்மா போய்ச் சொல்லுவாள்: "அண்ணே, புள்ள பரீட்சைக்குப் படிக்கிது. கொஞ்சம் கொறச்சு வச்சீங்கன்னா…" அவர் உடனே ரேடியோவை நிறுத்துவார். ஆனால் குழந்தையை யார் நிறுத்துவது? இருமலை யார் நிறுத்துவது? பகல் முழுக்கக் கொழுந்தெடுத்து வந்தவர்கள் அடுப்படியில் நாலு வார்த்தை பேசாமல் எப்படி இருப்பார்கள்? கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருசம் கணக்கில் தவறிவிட்டாள்.

அடுத்த வருசம் பிள்ளைமடுவத்து ஆயா ஒரு காரியம் செய்தார். பின்னேரம் பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிறகு மடுவம் காலியாகத்தானே கிடக்கிறது. சாவியை அம்மாயியின் கையில் கொடுத்தார். அம்மாயி விளக்கை எடுத்துக்கொண்டு அக்காவோடு போவாள். அக்கா படிக்கும்வரை வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டு காவல் இருப்பாள். கொஞ்ச நாளில் மேட்டு லயத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அக்கா அந்த முறை கணக்கில் தேறினாள், பிறகு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள்.

இப்போது நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். மேல்மாடியில் கதிரை இழுத்தால் இங்கே புகார் எழுதுகிறார்கள், மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டுகிறார்கள். அவர்களுடைய எரிச்சல் எனக்கு விளங்குகிறது. தூக்கம் எல்லோருக்கும் வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி போடக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றமே சொன்னது. நல்லது. ஆனால் கூரை வரைக்கும் சுவர் கட்டாமல் 10 அடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பத்தை அடைத்து வைத்தவர்களுக்கு எந்த நீதிமன்றம் என்ன சொன்னது?

லயத்து வாழ்க்கை ஒற்றுமையான வாழ்க்கை என்று இப்போது மேடைகளில் பேசுகிறார்கள். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று, 'மலையகம் 200' என்ற பெயரில் 2023இல் நடந்த கூட்டங்களிலும் கேட்டேன். அந்த ஒற்றுமையை நான் அனுபவித்தவன், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது மாமாவும் மாமியும் அம்மாயியும் பிள்ளைமடுவத்து ஆயாவும் தங்கள் பொறுமையால் உண்டாக்கியது. லயத்தைக் கட்டியவர்கள் செங்கல்லை மிச்சம் பிடித்தார்கள். கோப்பிக் காலத்தில், வேலைக்கு வந்து போகிறவர்கள் படுத்தெழும்ப ஒரு கொட்டில் என்று நினைத்துப் போட்ட அமைப்பு அது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்து, 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு மாறி, 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போயும் அந்தச் சுவர் கூரை தொடாமலே நிற்கிறது.

தனி வீடுகள் கொஞ்சம் வந்திருக்கின்றன. இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னுமொரு 10,000, குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்கிற திட்டம். கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு தாய் கதவைச் சாத்திக் காட்டி, "இப்ப நான் என் புருசனோட சண்டை புடிச்சாலும் ஒங்களுக்குக் கேக்காது" என்று சிரித்தார்.

கிடைக்காதவர்கள்தான் அதிகம். வீட்டுப் பட்டியல் எழுதுகிற அதிகாரிகளிடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் நான் கேட்பது இதுதான். சாதாரண தரமும் உயர்தரமும் எழுதப்போகிற பிள்ளைகள் இருக்கிற குடும்பங்களை முதலில் எழுதுங்கள். வீடு வருகிற வரைக்கும் பிள்ளைமடுவத்தையும் தோட்டப் பள்ளிக்கூடத்தையும் பின்னேரங்களில் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அதற்கு ஒரு விளக்கும், சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஒரு ஆளும் போதும்.