மருந்தின் நான்காம் கூறு

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி எண்ணற்ற நூல்கள் உண்டு. நான்காமவரைப் பற்றி எழுதுவோர் குறைவு. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் எனத் தெரிந்த நாள்முதல் நாம் அனைவரும் அந்த நான்காமவர் ஆகிவிடுகிறோம். அவருக்கு உரிய கடமை யாது என்பதைத் தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் கொண்டு இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1956ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வாயிலருகே, நடைபாதையிலும் சுரங்கப் பாதையிலும் போர்வை விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களை நாம் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறோம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர் அவருள் பலர். தமிழர்க்கு அடையாறு இருக்கிறது. தம் தங்கை புற்றுநோய்க்கு இரையானதைக் கண்டு நொந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை அது. எனினும், தலைநகரில் உறவினர் வீடு ஒன்று இருக்கிறது என்னும் துணிவில் இங்கு வருவோரும் உளர். அவ்வாறு வருவோரின் ஒரு கையில் பரிசோதனைத் தாள்கள் அடங்கிய கோப்பு இருக்கும். மறு கையில் ஒரு துணிப்பை இருக்கும். கோப்பை மருத்துவர் பார்ப்பார். துணிப்பையை யாரும் அவரிடம் காட்டுவதில்லை.

எங்கள் பெரியம்மாவின் மகள், நாங்கள் அக்கா என்றழைத்து வளர்ந்தவர், 2019ஆம் ஆண்டு மார்பகக் கட்டியுடன் தஞ்சையிலிருந்து சென்னை வழியாக இங்கு வந்து சேர்ந்தார். அவருடைய பையில் கருநிற மெழுகு ஒரு டப்பா, சீந்தில் சூரணம், மஞ்சள் சத்து மாத்திரை, சேலத்து உறவினர் அனுப்பிய பெயரெழுதாத பொட்டலம், கோயில் விபூதி ஆகியவை இருந்தன. தில்லி வந்தபின் பை மேலும் கனத்தது. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கோமூத்திர வடிநீர் வாங்கிவந்து கொடுத்தார். எங்கள் அலுவலகப் பிரிவில் ஒருவர், மத்தியப் பிரதேசத்துப் பேதுல் மாவட்டத்தில் மரப்பட்டை மருந்து தரும் சிற்றூருக்கு வழி எழுதித் தந்தார். கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நரசிபுரத்திலும் இத்தகைய பட்டைக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து வரிசையில் நின்றதுண்டு. இவற்றைச் சொன்னவர் எவரும் தீமை எண்ணிச் சொல்லவில்லை. நோயாளியைக் காண வெறுங்கையுடன் வர மனம் ஒப்பாத அன்பு ஒரு பொட்டலத்துடன் வருகிறது.

பொட்டலத்துடன் வந்த பேச்சுத்தான் எங்களைக் கலங்கச் செய்தது. “கத்தி பட்டால் நோய் பரவிவிடும்; முதலில் ஒரு மண்டலம் இந்த மெழுகைச் சாப்பிடு” என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவிற்கோ கத்தி என்றாலே அச்சம். “நாற்பத்தெட்டு நாள்தானே தம்பி, அது முடியட்டுமே” என்று அவர் கேட்டபோது மறுமொழி கூறுவது எளிதாக இல்லை. எங்கள் கண்முன் வேறொரு முகம் நின்றது. அலுவலக நண்பர் ஒருவருக்கு 2016இல் வாயில் ஆறாத புண் கண்டது. நெடுநாள் புகையிலைப் பழக்கம் உடையவர். தாடையின் ஒரு பகுதியை அகற்ற வேண்டும் என்றார்கள். முகம் சிதையாமல் குணப்படுத்துவதாகச் சொன்ன ஒருவரை நம்பி அவர் போய்விட்டார். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது அறுவைக்குரிய காலம் கடந்திருந்தது. அவர் மனைவிக்கான குடும்ப ஓய்வூதியப் படிவத்தை எங்கள் மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம்.

ஒரு நண்பரின் முடிவை வைத்து உலகை அளத்தல் ஆகாது என்பர். பலரை அளந்து பார்த்த ஆய்வுகளும் உள்ளன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்தும் மாற்று மருத்துவம் ஒன்றையே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவருடன் ஒப்பிட்டார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்க்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு; மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்கிற்கும் அதிகம். அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, வழக்கமான சிகிச்சையோடு பிற மருத்துவத்தையும் சேர்த்துக்கொண்ட 258 பேரைப் பற்றியது. அவர்களுக்கும் அபாயம் இரு மடங்காக இருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அவருள் நூற்றுக்கு 34 பேர் கீமோதெரபியையும், 53 பேர் கதிர்வீச்சையும் மறுத்திருந்தது தெரியவந்தது. உண்ட பொடியைவிட, அதை நம்பி விட்டுவிட்ட சிகிச்சையே உயிருக்கு ஊறு செய்தது என்பது அம்மருத்துவர்களின் கருத்து.

இதனால் நம் முன்னோரின் மூலிகை அறிவு பயனற்றது என்று கொள்ளலாகாது. நம் ஊர்களில் வேலியோரத்தும் இடுகாட்டிலும் பூத்து நிற்கும் நித்திய கல்யாணியை எண்ணிப் பாருங்கள். நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக வழங்கிய அதன் இலையை ஆராயப் புகுந்த கனடா நாட்டு அறிவியலாளர் நோபிள், பீர் ஆகிய இருவர், 1958இல் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தறிவித்தனர். பின்னர் அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றளவும் இன்றியமையாத மருந்தாக உள்ளது. ஆயின், அதை வளர்ந்தோர்க்கு ஒரு தவணையில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகச் செலுத்துவதில்லை. மிகின் நரம்புகளைத் தாக்கும். அதே இலையைப் பறித்து அரைத்துக் குடிப்பவர்க்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போயிற்று என்பதை யார் சொல்ல வல்லார்? செடியில் குணம் இருப்பது உண்மை. அளவு தெரிந்தால்தான் அது மருந்தாகும்.

அளவோடு கலப்பையும் கருத வேண்டும். மெழுகு வகைகள் சிலவற்றில் இரசமும் கந்தகமும் சேர்வதுண்டு. அவற்றை முறைப்படி சுத்தி செய்யக் கற்றவரும் இருக்கிறார்கள். கல்லாமலே டப்பாவில் அடைப்பவரும் இருக்கிறார்கள். பாஸ்டன் நகர்ப்பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. கீமோதெரபி மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலே இவற்றையும் தாங்க வேண்டியிருக்கிறது. நாம் மறைத்துக் கொடுத்த பொடியால் கல்லீரல் நலிந்தால், மருத்துவர் தம் மருந்தின் மீது ஐயுற்று அதன் அளவைக் குறைப்பார். அடுத்த தவணையைத் தள்ளியும் வைப்பார்.

எங்கள் வீட்டுச் சிக்கலைத் தீர்த்துவைத்தவர், தில்லியில் பணிபுரிந்த, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவர். அக்காவின் நாடியைப் பார்த்தார். தாள்களையும் முழுதும் படித்தார். “அம்மா, முதலில் அறுவை முடியட்டும். இப்போது நான் எதுவும் தரமாட்டேன். எல்லாம் முடிந்தபின் பசியில்லை, உறக்கமில்லை என்றால் என்னிடம் வாருங்கள்” என்றார். நாங்கள் பல நாள் பேசியும் அசையாத அக்கா, தம் நம்பிக்கைக்கு உரியவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு இசைந்தார்.

அதன்பின் எழுத்தர் வேலை எங்களுக்குக் கற்றுத்தந்த ஒன்றைச் செய்தோம். குறிப்பேட்டில் கோடு போட்டு, பொருளின் பெயர், அனுப்பியவர், அளவு, எந்நாள் முதல் உண்டார் என்று பட்டியல் எழுதி, துணிப்பையோடு புற்றுநோய் மருத்துவர் முன் வைத்தோம். அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு பேனாவை எடுத்தார். மெழுகையும் பெயரில்லாப் பொட்டலத்தையும் வடிநீரையும் அடித்தார். மஞ்சள் மாத்திரை இரத்தம் உறைதலைத் தாமதப்படுத்தலாம் என்பதால் அறுவைக்கு முன் வேண்டாம் என்றார். சமையலில் சேரும் மஞ்சளுக்குத் தடையில்லை. சீந்திலைச் சிகிச்சை முடியும்வரை ஒதுக்கச் சொன்னார். விபூதியைக் கண்டு சிரித்து, “இது நெற்றிக்குத்தானே?” என்றார். விடைபெறும்போது அவர் சொன்னது நினைவில் நிற்கிறது: “பலரும் ஏதோ சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எதை என்பதுதான் தெரிவதில்லை.”

நோயாளிக்குத் துணை செய்யும் முறைகளும் உள. சோர்வையும் உறக்கமின்மையையும் தணிக்க யோகப் பயிற்சி உதவுகிறது. இஞ்சி சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது. அக்காவிற்கு நொய்க் கஞ்சியும், மாலையில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் கூடிப் பாடிய திருப்புகழும் துணையாயின. முறையாகக் கற்றவரை நாட வேண்டின், தில்லி சரிதா விகாரில் 2017இல் திறக்கப்பட்ட அகில இந்திய ஆயுர்வேத நிறுவனமும், சென்னைத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. அத்தகைய விளம்பரத்தைச் சுவரில் கண்டாலும் கைப்பேசியில் கண்டாலும், அது சட்டத்திற்கு மாறானது என்பதை வீட்டிலுள்ள முதியவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

அக்கா அறுவையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடித்து ஊர் திரும்பினார். இன்றும் நலமாக இருக்கிறார். எல்லோர்க்கும் இவ்வாறு முடிவதில்லை என்பதை நாம் அறிவோம். எல்லாம் முறையாகச் செய்தும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே வெற்றிக்கு உறுதி கூற இதை எழுதவில்லை. நான்காமவராகிய நம்மால் ஆகக்கூடியவை சிலவே. பொட்டலம் கொண்டுவரும் உறவினரை நோகச் செய்யாது வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதை மருத்துவரின் கண்ணில் படாமல் கொடுக்காதிருக்கலாம். மண்டலம் கழியட்டும் என்று நோயாளி கேட்கும்போது சினவாமல், அவர் நம்பும் ஒருவரைத் தேடி அழைத்து வரலாம். அடுத்தமுறை நம் வீட்டு வாயிலில் ஒரு கையில் கோப்பும் மறு கையில் துணிப்பையுமாக ஒருவர் வந்து நின்றால், இரண்டையும் சேர்த்தே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வோமாக.