பெருநாளைக்குக் கேட்டின்: தைப்பதா, ரெடிமேட் எடுப்பதா?



நோன்பு பாதியைத் தாண்டிவிட்டால் நம்மூர் வீடுகளில் மூன்று வேலைகள் தொடங்கிவிடும். சுவருக்குப் பெயின்ட், பிள்ளைகளுக்கு உடுப்பு, யன்னலுக்குக் கேட்டின். முதல் இரண்டையும் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேச்சு நடக்கும். கேட்டினுக்கு மட்டும் கல்முனை பசாரில் கடைக்குள் ஏறிய பிறகுதான் யோசனை வரும். துணி எடுத்துத் தைப்பதா, பைக்கற்றில் தைத்து வைத்திருப்பதை எடுப்பதா? நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு முந்திய வாரம் ஆசிரியர் அறையிலும் இதே கேள்விதான் ஓடியது. அங்கே வாயால் சொன்னதை எழுதியும் வைப்போம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம். அளவு எடுக்கப் போகிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீடு முழுக்க ஒரே முடிவு எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு யன்னலாகப் பார்த்து முடிவெடுத்தால் காசும் மிஞ்சும், மறைவும் கிடைக்கும், தையல் மெசினை நம்பியிருக்கும் ஒரு வீட்டுக்கு வேலையும் போகும்.

முதலில், கேட்டின் எதற்கு?

அழகு பிறகு. நம்மட ஊர்கள் நெருக்கமான ஊர்கள். கரையோரப் பக்கம் பல இடங்களில் பக்கத்து வீட்டுச் சுவரைக் கையை நீட்டித் தொடலாம். ஒழுங்கையால் போகிறவரின் கண் நம் யன்னல் மட்டத்தில்தான் இருக்கும். அடுத்தவர் வீட்டுக்குள் போக அனுமதி கேட்கச் சொல்லும் சூரத்துந் நூரே, வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகள்கூட அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்களையும் சொல்லித் தருகிறது: பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின். வீட்டுக்குள்ளேயே இவ்வளவு மறைவு வேண்டுமென்றால் ஒழுங்கைப் பக்க யன்னலுக்கு எவ்வளவு வேண்டும்?

இதில் பலர் கவனிக்காத ஒரு விசயம் நெட் துணி. பகலில் வெளியே வெளிச்சம் கூட, உள்ளே குறைவு. அதனால் நெட் போட்டால் வெளியிலிருந்து உள்ளே தெரியாது, நமக்கு வெளியே தெரியும். இரவில் லைட் போட்டதும் எல்லாம் தலைகீழ். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. ஒழுங்கையில் நிற்பவருக்கு நம் ஹோல் முழுக்கத் தெரியும். ஆகவே ஒழுங்கைப் பக்கம் நெட் மட்டும் போதாது. நெட்டுக்குப் பின்னால் இழுத்து மூட ஒரு கனமான துணி வேண்டும். இரண்டு கம்பிக்குக் காசு காணாது என்றால் நெட்டை விட்டுவிட்டுக் கனமான துணியை மட்டும் போடுங்கள்.

அடுத்தது வெக்கை. நம் பக்கம் காலை வெயில் கடல் பக்கத்தால் வரும், பின்னேர வெயில் மேற்கால் வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்க அறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த யன்னலுக்கு லைனிங் வைத்த கேட்டின் கொடுக்கும் ஆறுதலை வேறு துணி கொடுக்காது. பிள்ளை படிக்கும் அறைக்கு இதைக் கட்டாயம் யோசியுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை பின்னேரம் இரண்டு மணிக்கு அந்த அறையில் இருந்து கணக்குச் செய்ய வேண்டும்.

அளவு எடுப்பது எப்படி?

எதை வாங்கினாலும் அளவு இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். "சாதாரண யன்னல்தான்" என்று கடையில் சொன்னால் அவர் தருவதுதான் அளவு.

யன்னலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, கூடியதை எடுங்கள். கம்பி யன்னலுக்கு மேல் குறைந்தது நாலு அங்குலத்திலும், இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் வெளியே நீண்டும் இருக்கட்டும். அப்போதுதான் ஓரத்தால் உள்ளே தெரியாது, திறக்கும்போது துணி முழுதாக ஒதுங்கிக் காற்றும் வரும். உயரத்தைக் கம்பியிலிருந்து நிலம் வரை அளந்து அரை அங்குலம் குறையுங்கள். நிலத்தில் இழுபடும் கேட்டின் கூட்டும்போது மண்ணைத்தான் சேர்க்கும்.

இனி ஒரு கணக்கு. ஏழாம் ஆண்டுப் பிள்ளையும் செய்யும்.

யன்னல் அகலம் 48 அங்குலம். இரண்டு பக்கமும் ஆறு சேர்த்தால் கம்பி 60 அங்குலம். மடிப்பு விழ வேண்டுமென்றால் துணியின் அகலம் கம்பியைப் போல ஒன்றரை மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது 90 முதல் 120 அங்குலம். கேட்டின் துணி 54 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டை எடுத்தால் 108 அங்குலம். ஓரம் மடித்துத் தைத்த பிறகும் போதும்.

உயரம் 84 அங்குலம். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் பத்து அங்குலம் சேர்த்தால் ஒரு பட்டை 94. இரண்டு பட்டை 188 அங்குலம், அதாவது 4.78 மீற்றர். ஐந்து மீற்றர் எடுத்தால் தாராளம்.

கடையில் "மூன்று பட்டை போட்டால்தான் வடிவு" என்று சொல்வார்கள். மூன்று பட்டைக்கு 282 அங்குலம், ஏழேகால் மீற்றர் வேண்டும். ஒரு யன்னலுக்கு இரண்டேகால் மீற்றர் கூட. ஐந்து யன்னல் என்றால் பதினொரு மீற்றருக்கு மேல். ஹோலில் ஒரு பெரிய யன்னலுக்கு அப்படிப் போடலாம். குசினிக்கும் படுக்கை அறைக்கும் அவசியமில்லை. பெரிய பூ, பெரிய கட்டம் உள்ள துணி என்றால் டிசைன் பொருந்துவதற்கு வெட்டில் துணி வீண் போகும். சிறிய டிசைனோ வெறும் நிறமோ அந்த நட்டத்தைத் தராது.

எந்த யன்னலுக்குத் தைக்க வேண்டும்?

பழைய வீடுகளில் மேசன்மார் கட்டிய யன்னல்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம். நடுவே பீம், பக்கத்தில் அலுமாரி, உள்பக்கம் திறக்கும் மரக் கதவு என்று ஆயிரம் இடைஞ்சல். இப்படியான யன்னலுக்கும், மேற்கு வெயில் யன்னலுக்கும், ஒழுங்கைப் பக்க யன்னலுக்கும், வாசல் நிலைக்கும் தைப்பதுதான் சரி. இவற்றில் ஒரு அங்குலம் குறைந்தாலும் மறைவு போய்விடும்.

தைக்கக் கொடுக்கும்போது இவற்றைப் பாருங்கள். எல்லா யன்னலுக்கும் வேண்டிய துணியை ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து எடுங்கள். பிறகு வாங்கினால் அதே நிறம் கொஞ்சம் மாறி வரலாம். பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். கீழ் மடிப்பை நாலு அங்குலம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீளம் காணாமல் போனால் பிரித்து விடலாம். முடியுமானால் தைப்பவரையே வீட்டுக்குக் கூப்பிட்டு அளவெடுக்க வையுங்கள். அளவெடுத்தவரே தைத்தால் "நீங்க தந்த அளவுதானே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

பக்கத்தில் மருதமுனை இருக்கிறது. சாரனுக்கும் சாரிக்கும் பேர்போன நெசவு ஊர். 2004 சுனாமியில் தறிகளையும் பறிகொடுத்துவிட்டு மறுபடி எழுந்த ஊர். பருத்தித் துணி விரும்புகிறவர்கள் அங்கும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். கைத்தறித் துணியின் அகலம் கடைத் துணியைவிடக் குறைவாக இருக்கலாம். அகலத்தைக் கேட்டுவிட்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

எந்த யன்னலுக்கு ரெடிமேட் போதும்?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ரெடிமேட்தான் நல்லது. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நாங்கள் இருந்த வாடகை அறைக்கும் அதுதான் வாங்கினோம். இடமாற்றம் கிடைத்தால் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். அடுத்த வீட்டு யன்னல் எந்த அளவென்று யாருக்குத் தெரியும்? அதேபோல ஒரே பிளானில் கட்டிய வீட்டுத் திட்ட வீடுகள், அலுமினிய யன்னல் போட்ட புது வீடுகள், சின்னப் பிள்ளைகள் இழுத்துக் கிழிக்கும் அறைகள். இவற்றுக்குத் தைகூலி கொடுக்க அவசியமில்லை.

ஆனால் பைக்கற்றை நம்பி வாங்காதீர்கள். போட்டிருக்கும் விலை ஒரு துண்டுக்கா, சோடிக்கா என்று முதலில் கேளுங்கள். கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது நாலு அடி அகலத்தில், ஐந்து, ஏழு, ஒன்பது அடி நீளத் துண்டுகள். நமது 60 அங்குலக் கம்பிக்கு ஒரு துண்டு 48 அங்குலம் காணாது. இரண்டு போட்டால் 96, அளவாக இருக்கும். துண்டை விரித்து அடி மடிப்பு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே வளையம் அடித்த கேட்டின் என்றால் வளையத்தை எண்ணுங்கள்; இரட்டை எண்ணாக இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கம் திரும்பி ஒழுங்காக நிற்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றுக்கு மலிவான இரும்பு வளையமும் கம்பியும் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். அங்கே பிளாஸ்டிக் வளையம், மரக் கம்பி அல்லது துருப்பிடிக்காத கம்பி பாருங்கள்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. கம்பி ஏழரை அடியில் இருந்தால் ஏழு அடித் துண்டு அரை அடி மேலே நின்று கால்சட்டை குட்டையான பிள்ளை மாதிரித் தெரியும். ஒன்பது அடித் துண்டை வாங்கி, பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கொடுத்து அளவுக்கு வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். முழுக் கேட்டின் தைப்பதைவிடக் கூலி குறைவு, அளவும் சரி. வெட்டி எடுத்த துண்டில் கட்டு நாடாவும் குஷன் உறையும் வரும்.

பழையதை எறியாதீர்கள்

ஆயிஷா (ரழி) அவர்கள் வீட்டில் உருவப் படங்கள் உள்ள திரைச்சீலையைத் தொங்கவிட்டதும், நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாததும், பிறகு ஆயிஷா (ரழி) அவர்கள் அதை வெட்டித் தலையணை ஆக்கியதும் ஹதீஸில் வருகிறது. பறவையும் மிருகமும் போட்ட துணியைக் கடையில் காட்டும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். கூடவே இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது: துணி வீணாகவில்லை. போன வருடக் கேட்டினில் வெயில் படாத பகுதி பெரும்பாலும் நல்லாகவே இருக்கும். குசினி யன்னலுக்கு அரைக் கேட்டினாக ஸ்பிரிங் கம்பியில் கோர்த்து விடலாம். காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் எந்தத் துணியும் வேண்டாம்.

கடைசியாக, காசு

பெருநாளுக்கு வரும் விருந்தாளி பத்து நிமிடம் இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவருக்காக எடுத்த குழுக்கடனின் தவணை மாதக்கணக்கில் வீட்டுக்கு வரும். எல்லா யன்னலையும் இந்தப் பெருநாளுக்கே முடிக்க வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை. இந்த முறை ஒழுங்கைப் பக்க யன்னல், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மேற்கு அறை, காசு சேரும்போது மற்றவை. மறைவு வேண்டிய யன்னல் முதலில், அழகு வேண்டிய யன்னல் பிறகு.

தைக்கக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளின் உம்மாமார் வீட்டில் தைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கும் வாரத்தில் கொப்பி இல்லாமல் வரும் ஒரு பிள்ளையிடம் காரணம் கேட்டால், "உம்மாக்கு இன்னும் கேட்டின் காசு வரல்ல டீச்சர்" என்று பதில் வரும். கேட்டின் யாரோ ஒருவருடைய யன்னலில் பெருநாள் கொண்டாடிவிட்டது. தைத்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மீற்றருக்கு இவ்வளவு என்று கடைக்காரர் சொன்னால் வாய் திறக்காமல் கொடுக்கிறோம். தைகூலியில் மட்டும் நூறு, இருநூறு குறைக்கப் பேரம் பேசுகிறோம். அதையும் பெருநாளைக்குப் பிறகு என்கிறோம். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆகவே கடைசிப் பத்தில் துணியைக் கொண்டுபோய்க் கொட்டாமல், நோன்பு தொடங்கும்போதே கொடுங்கள். கூலியைப் பேசி முடித்து, பாதியை முன்னுக்குக் கொடுத்து, மீதியைக் கேட்டினை எடுக்கும்போது கையில் கொடுங்கள். நூல், வளையம், லைனிங் யாருடைய செலவு என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டிலும் பெருநாள் இருக்கிறது.